மரைன் எஞ்சின் என்று சொல்லி ஜெனரேட்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள்

எங்கள் வள்ளம் 28 அடி. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இன்னும் பாய் வைத்திருக்கிற பழைய மர வள்ளங்களில் ஒன்று. கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்றில் பாயிலேயே கரை வந்துவிடலாம். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எஞ்சின் இல்லாமல் திரும்ப முடியாது. பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் கையை விரித்ததும், "ரெண்டு லட்சத்துக்குள்ள மரைன் டீசலே முடிச்சுத் தாரேன் அண்ணாச்சி" என்ற ஒருவரை நம்பிப் போனேன். கடை பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வேறு இடங்களிலும் கிடக்கிறது. ஒருத்தன் பெயரைச் சொல்லி மற்றவனை நல்லவனாக்குவானேன்?

எஞ்சின் பார்க்க அழகுதான். தலை முதல் அடி வரை புதுப் பச்சைப் பெயிண்ட். "முப்பத்தஞ்சு குதிரை, எறநூறு மணி நேரந்தான் ஓடியிருக்கு" என்று ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். புகையே இல்லை. 1,80,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். இத்தனை குதிரை எதற்கு என்று யோசிக்கக்கூட இல்லை. தண்ணீரில் படியும் நீளம் 25 அடி என்றால், அந்த வள்ளம் மணிக்கு 6.7 கடல் மைலைத் தாண்டத் திணறும். அதற்கு மேல் எத்தனை குதிரை பூட்டினாலும் பின்னால் அலைதான் பெரிதாகும். எங்களுக்கு 15 குதிரையே தாராளம்.

முதல் வாரமே சந்தேகம் தட்டியது. வேகத்தைக் குறைத்தால் திணறும், கூட்டினால் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. போன் போட்டால் "ஓட ஓடப் பழகும்" என்றார். கல்யாணத் தரகர்கூட இப்படிச் சொல்லமாட்டார்.

இரண்டாவது மாதம், வான்தீவுக்குக் கிழக்கே, எட்டுப் பாக (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத் தண்ணீரில் வலையை இழுத்தெடுத்துவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் பெட்டிக்குள்ளிருந்து ஆவி. மூடியைத் திறப்பதற்குள் நின்றேவிட்டது. கச்சான் எங்களைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் சட்டையை வீசிக்கொண்டு நின்றோம். தருவைக்குளத்து வள்ளம் ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. டீசல் காசுகூட வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

கரையில் மிஸ்திரி எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். தண்ணீர் ஓடும் துளைகளெல்லாம் உப்பு. முறைப்படி மாற்றிய எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர்தான் சுற்றும். கடல்தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக ஓடிச் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறும். இந்த ஆள் ரேடியேட்டரை உருவிவிட்டுக் கடல்தண்ணீரையே நேராக உள்ளே விட்டிருக்கிறார். நேரடிக் கடல்தண்ணீரில் ஓடவே செய்த எஞ்சின்கள் உண்டு. ஆனால் உப்பு படியாதிருக்க அவற்றைச் சூடு குறைவாகவே வைத்திருப்பார்கள். இதில் தரையில் ஓடியபோது சூட்டை 82 டிகிரியில் பிடித்து வைக்க இருந்த தெர்மோஸ்டாட்டே அப்படியே கிடந்தது.

கியரைத் திறந்ததும் மிஸ்திரி சிரித்துவிட்டார். ஏதோ ஒரு வேனில் இருந்து பிடுங்கிய கியர்பாக்ஸ். வள்ளத்தின் பின்னால் சுழலும் காத்தாடி (புரொப்பல்லர்) தண்ணீரைப் பின்னால் தள்ளினால் அதே தள்ளு சாஃப்ட் வழியாக முன்னால் வரும். படகுக்குச் செய்த கியரில் அதைத் தாங்கத் தனி பேரிங் உண்டு. வேனுக்கு அது எதற்கு? இரண்டே மாதத்தில் உள்ளே எல்லாம் ஆட்டம் கண்டிருந்தது.

பிறகுதான் பெயர்த்தகட்டின் மேலிருந்த பச்சையைக் கத்தியால் சுரண்டினோம். 1500 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1500 சுற்று. 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்காக ஒரே வேகத்தில் ஓடும் ஜெனரேட்டர் எஞ்சின். அந்த வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னரைக்கூட மாற்றவில்லை.

தரை எஞ்சினைக் கடலுக்கு மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பீட்டா மரைன், நன்னி போன்ற படகு எஞ்சின் கம்பெனிகள் குபோட்டாவின் தரை எஞ்சின்களை எடுத்து மாற்றித்தான் விற்கின்றன. வாங்கப் போகிறவர்கள் நல்ல தண்ணீர் ஊற்றும் மூடி எங்கே என்று முதலில் கேளுங்கள். தகட்டில் பெயிண்ட் இருந்தால் அங்கேயே, அவர் கண் முன்னாலேயே சுரண்டுங்கள். புகைக்குழாய் தண்ணீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே ஏறி இறங்குகிறது என்றும் பாருங்கள். அதில் கோட்டைவிட்டால் கடல் சிலிண்டருக்குள்ளேயே வந்துவிடும்.

நாலு தடவை அலைந்து 40,000 திரும்பி வந்தது. எஞ்சினை உப்பளக்காரர் ஒருவர் இரும்பு விலைக்கு எடுத்துப்போய், ரேடியேட்டரைத் திரும்பப் பூட்டிப் பம்புக்குப் போட்டிருக்கிறார். ஒரே வேகத்தில் ஜம்மென்று ஓடுகிறதாம்.