பழைய டர்ன்டேபிளும் ஒலிபெருக்கியும்: ஈசூன் வீட்டில் ஒன்பது ஆண்டு அனுபவம்

2016ஆம் ஆண்டில் பெரியப்பா தம் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, நூற்று நாற்பது இசைத்தட்டுகளை என்னிடம் ஒப்படைத்தார். பெரும்பாலானவை கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான 7 அங்குல எச்எம்வி தட்டுகள். நிமிடத்துக்கு 45 முறை சுழலவேண்டிய திரைப்பாடல் தட்டுகள். அவற்றைக் கேட்பதற்காகத் தொடங்கிய தேடல், இந்த ஒன்பது ஆண்டுகளில் மூன்று டர்ன்டேபிள்களையும் (இசைத்தட்டைச் சுழற்றும் சாதனம்) இரண்டு ஜோடி ஒலிபெருக்கிகளையும், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. பழைய சாதனம் வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் வெளிவந்த ஆண்டையும் விலையையும் விசாரிக்கிறார்கள். என் அனுபவத்தில், அந்தச் சாதனத்தில் உள்ள மென்மையான பொருள்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அலுமினியத் தட்டும் மரப்பெட்டியும் ஐம்பது ஆண்டுகளை எளிதில் தாங்கிக்கொள்கின்றன. ரப்பர், ஃபோம், கிரீஸ், கெப்பாசிட்டருக்குள் (மின்தேக்கி) இருக்கும் திரவம் ஆகியவைதாம் மூப்படைகின்றன. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் சிங்கப்பூரில் அவற்றுள் சில இன்னும் விரைவாக மூப்படைகின்றன.

முதலில் வாங்கியது 1970களில் ஜப்பானில் தயாரான, பெல்ட்டால் இயங்கும் ஒரு டர்ன்டேபிள். கெரோசல் இணையச் சந்தையில் பார்த்து, தோ பாயோவுக்குச் சென்று எடுத்து வந்தேன். அது 100 வோல்ட் சாதனம் என்பதால் 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரையும் விற்றவரே சேர்த்துக் கொடுத்தார். வேறொன்றும் தேவையில்லை என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். வீட்டில் முதல் தட்டு சுழலத் தொடங்கிய அரை நிமிடத்தில், சமையலறையில் இருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். "என்னப்பா இது, சுருதி இப்படி இறங்கிக் கிடக்குது? அவங்க குரல் இது இல்லையே" என்றார். இளமையில் முறையாகப் பாட்டுக் கற்றவர் அவர்.

அம்மா சொன்னது சரியே. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். இத்தகைய டர்ன்டேபிளின் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றியே சுழல்வதால், எந்தப் பகுதியில் பயன்படுத்தப்பட்டதோ அதற்கேற்ற பெல்ட் உருளை அதில் பொருத்தப்பட்டிருக்கும். என்னிடம் வந்தது 60 ஹெர்ட்ஸ் உருளை. சிங்கப்பூரின் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். அதாவது 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்று. ஐந்து கட்டையில் பாடியவரின் குரல் மூன்று கட்டைக்கு இறங்கி, காலப்பிரமாணமும் தளர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே மாற்றும். அலைவெண்ணை அது தொடுவதில்லை.

கடைசல் பட்டறை ஒன்றில் புதிய உருளை செய்யக் கொடுத்தேன். விட்டம் 1.2 மடங்கு இருந்தால் போதும் என்று நான் கணக்கிட்டது சற்றே பிசகிவிட்டது. பெல்ட்டின் தடிப்பையும் விட்டத்தோடு சேர்த்துப் பெருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். 180 கோடுகள் அச்சிட்ட சோதனை அட்டையைத் தட்டின் மேல் வைத்து, பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பார்த்தபோது கோடுகள் அசையாமல் நிற்கவில்லை. மெல்லப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தன. வேகம் இன்னும் குறைவு என்பது அதற்குப் பொருள். (எல்இடி விளக்கில் இந்தச் சோதனை பெரும்பாலும் பலிப்பதில்லை.) இரண்டாவது உருளையில்தான் கோடுகள் நின்றன. அந்த டர்ன்டேபிளை மூன்று ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு, இப்போது என் தங்கைக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே அது நன்றாகவே இயங்குகிறது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து வந்த பெல்ட் வகைச் சாதனம் எதையும், சுழலவிட்டுக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்றே யாரிடமும் சொல்வேன்.

2017இல் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதியில் தோரன்ஸ் டிடி 160 ஒன்றை வாங்கினேன். 1972ஆம் ஆண்டில் வெளிவந்த வடிவமைப்பு அது. சுழல்தட்டும் ஊசிக்கையும் தனிச் சட்டத்தில் அமர்ந்திருக்க, அந்தச் சட்டம் மூன்று சுருள்வில்களில் தொங்குகிறது. எங்கள் புளோக்கிலிருந்து பார்த்தால் எம்ஆர்டி மேம்பாலத் தண்டவாளம் தெரியும். ரயில் கடக்கும்போது அலமாரிக் கண்ணாடி மிக மெல்லிதாக அதிர்வதை இரவு நேரங்களில் உணரலாம். ஆனால் அந்த அதிர்வு இந்த டர்ன்டேபிளின் ஊசியை ஒருநாளும் எட்டியதில்லை. பெல்ட்டை மாற்றியதும், அச்சிலிருந்த பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்துப் புதிதாக இட்டதும், சட்டத்தைத் தொட்டால் பக்கவாட்டில் ஆடாமல் நேர் மேலும் கீழுமாக அசையும்வரை வில்களை ஒரு மாலை முழுவதும் திருகிச் சீராக்கியதும்தான் நான் செய்த வேலைகள். எட்டு ஆண்டுகளில் இரண்டு முறை பெல்ட் மாற்றியிருக்கிறேன். வேறு செலவு இல்லை.

மூன்றாவதாக 2020இல் கொவிட் காலத்தில் வந்தது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. இதில் பெல்ட் கிடையாது. மோட்டாரே தட்டைச் சுழற்றுகிறது, குவார்ட்ஸ் படிகம் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மின்சாரத்தின் அலைவெண் பற்றிய கவலையே எழுவதில்லை. 2010இல் இந்த வரிசையின் தயாரிப்பு நின்று, 2016இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கியது. என்னுடையது பழைய வகை. வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நகர்த்தி, பெரியப்பாவின் தட்டுகளுக்குப் பெரும் உதவியாக இருந்தது. அவற்றுள் சில சுருதிப்பெட்டியோடு சேராமல் கால் கட்டை அளவுக்கு விலகி ஒலித்தன. இப்போது அம்மா சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேரும்வரை நகர்த்தியை நகர்த்தச் சொல்வார். தோரன்ஸ், டெக்னிக்ஸ் இரண்டில் எது சிறந்தது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வீணையின் நீண்ட கமகங்களில் டெக்னிக்ஸ் அசைவற்ற உறுதியோடு நிற்கிறது என்பதைத் தவிர, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் சிறியது. ஊசியை மாற்றியபோது கேட்ட வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரியது.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டெக்னிக்ஸில் ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜைப் (ஊசியைத் தாங்கும் பகுதி) பொருத்தினேன். அதற்கு 1.8 கிராம் அழுத்தம் வேண்டும். ஊசிக்கையின் எண்வட்டத்தில் 1.8 என்று வைத்துவிட்டு ஓராண்டு கேட்டேன். உச்சஸ்தாயியில் பாடும் இடங்களில் 'ச' ஒலி கரகரத்ததைத் தட்டின் தேய்மானம் என்றே எண்ணியிருந்தேன். பிறகு, கிராமில் நூறில் ஒரு பங்கை அளக்கும் சிறிய தராசு ஒன்றை இருபது வெள்ளிக்கும் குறைவாக வாங்கி அளந்தபோது அது 1.3 கிராம் காட்டியது. முன்பு பயன்படுத்தியவர் எடைக்கட்டியின் சமநிலையைச் சரிபார்க்காமலேயே எண்வட்டத்தைத் திருப்பியிருக்க வேண்டும். நானும் வாங்கிய பிறகு அதைச் சரிபார்க்கவில்லை. அழுத்தத்தைச் சரிசெய்து, கோண அட்டையை வைத்து ஊசியின் நிலையையும் ஒழுங்குபடுத்திய அன்றே கரகரப்பில் பெரும்பகுதி நீங்கியது. பிறகு கார்ட்ரிட்ஜின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசிப்பகுதியை மட்டும் 2எம் புளூவுக்கு மாற்றினேன். ரெட்டின் உடல் அதை ஏற்கும். சொற்களின் விளிம்பு தெளிந்ததும், தம்புராவின் ஜீவாளி ஒலி பின்னணியில் தனித்துக் கேட்டதும் அதன் பிறகுதான்.

இன்னொன்று, ஒரு காசும் செலவில்லாதது. பெரியப்பாவின் பழைய தட்டுகள் ஏறத்தாழ அனைத்தும் மோனோ, அதாவது ஒற்றை ஒலித்தடம் கொண்டவை. மோனோ தட்டில் இசை ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் கீறலும் தரும் இரைச்சல். ஆம்பிளிஃபையரில் உள்ள மோனோ பொத்தானை அழுத்தினால், இடமும் வலமும் ஒன்றுசேர்ந்து அந்த இரைச்சல் ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்கிறது. எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக அந்தப் பொத்தான் தொடப்படாமலே இருந்தது. அழுத்திய பிறகு, மழையில் நின்று பாடியதுபோல இருந்த குரல் வீட்டுக்குள் வந்து பாடுவதுபோல ஆனது. பழைய ஆம்பிளிஃபையர் வாங்குவோர் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. புதியவற்றில் பல அதை விட்டுவிட்டன.

இனி ஒலிபெருக்கிகள். முதல் ஜோடி 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. 10 அங்குல வூஃபர் (தாழ்வொலி தரும் பகுதி), அழகான வால்நட் மரப்பெட்டி. வாங்கும்போது முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றி, வூஃபரின் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தைச் சுட்டுவிரலால் தொட்டேன். விரல் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் தார்போலக் கறுப்பு ஒட்டியிருந்தது. காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேன் ஃபோமின் வேதிப்பிணைப்புகளைப் படிப்படியாக அறுத்துவிடுவதால் இது நேர்கிறது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது நடந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியைப் பிரிக்காமலே பாதுகாத்தேன் என்று விற்பவர் சொல்வதால் பயனில்லை.

புதிய வளையங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து நானே ஒட்டினேன். பழைய பசையைச் சுரண்டி எடுக்கும் வேலைதான் நேரம் பிடிக்கிறது. ஒரு வூஃபருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவிலுள்ள தூசிமூடியைக் கத்தியால் பிரித்து, கம்பிச்சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டைகளைச் சுற்றிலும் செருகி, சுருள் நடுவில் நிற்பதை உறுதிசெய்த பிறகே வளையத்தை ஒட்ட வேண்டும். மயிரிழை விலகினாலும் சுருள் உரசும். பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிட்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் கூம்பை மெல்ல அழுத்திப் பார்த்தேன். உரசல் இல்லை. அன்று மாலை தவிலின் வலந்தலையும் (வலப்பக்கம்) தொப்பியும் (இடப்பக்கம்) பிரிந்து பிரிந்து கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே ஒலிபெருக்கிகளின் கிராஸ்ஓவரில் (தாழ்வொலியையும் உயரொலியையும் பிரித்து அனுப்பும் சுற்று) இருந்த கெப்பாசிட்டர்களையும் அளந்தேன். 8 மைக்ரோஃபாரட் என்று அச்சிடப்பட்டிருந்த ஒன்று 11 காட்டியது. சிம் லிம் டவரில் புதியவற்றை வாங்கி மாற்றியதில், உயரொலி தரும் ட்வீட்டரின் ஒலி சமநிலைக்கு வந்தது. ஆனால் பழையது என்பதற்காகவே எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றுவதை நான் ஏற்பதில்லை. அளவு சரியாக இருப்பதைத் தொட்டால், வடிவமைத்தவர் எண்ணிய ஒலி நம் கையாலேயே மாறிவிடும்.

இரண்டாவது ஜோடி, 2019இல் வாங்கிய ரோஜர்ஸ் எல்எஸ்3/5ஏ. 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வாகனங்களில் குரலைக் கண்காணிக்க வடிவமைத்த சிறிய ஒலிபெருக்கி. கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் அதனுள் இருக்கின்றன. புக்கிட் தீமாவில் வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் விற்றார். என் தட்டுகளையே கொண்டுவரச் சொல்லி, இரண்டு மணி நேரம் அமர்ந்து கேட்கவைத்த பிறகுதான் விலை பேசினார். வூஃபரின் வளையம் ரப்பரால் ஆனது. நாற்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரிலேயே இருந்தும், விரலால் அழுத்தினால் புதிதுபோல மீள்கிறது. இந்த ஆறு ஆண்டுகளில் அதற்கு ஒரு பழுதும் வந்ததில்லை. கூடத்தில் ஒன்றரை மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்கும்போது மனிதக் குரலை இதைவிட இயல்பாக வேறெதிலும் நான் கேட்டதில்லை. மூச்செடுக்கும் இடம்கூடத் தெரிகிறது. எனினும் ஆழ்ந்த தாழ்வொலி அதனிடம் இல்லை. தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் உருவத்தில் சிறுத்துவிடுகின்றன. ஒலித்திறனும் குறைவு என்பதால் ஆம்பிளிஃபையரின் குமிழை இன்னும் சற்றுத் திருப்ப வேண்டியிருக்கிறது. வீவக வீட்டில் சுவருக்கு அப்பால் அண்டைவீட்டார் இருக்கையில், தாழ்வொலி குறைவாக இருப்பதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. இரவு நேரத்தில் நிம்மதியாகக் கேட்க முடிகிறது.

தட்டுகளைப் பொறுத்தவரை பூஞ்சைதான் நம் ஊரின் முதல் எதிரி. வடிகட்டிய நீரில் சிறிதளவு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் சேர்த்துக் கழுவி, பழைய காகித உறைகளை எறிந்துவிட்டுப் புதியவற்றில் இட்டு வைக்கிறேன். பெரியப்பாவின் பெட்டியில் 78 சுற்றுத் தட்டுகள் பதினொன்று இருந்தன. அவை அரக்கினால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். அவற்றை நீரால் மட்டுமே துடைக்கிறேன்.

செலவைக் கேட்போருக்கு: டர்ன்டேபிள்கள் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,900 வெள்ளி, முதல் ஜோடி ஒலிபெருக்கிக்குப் பழுதுபார்ப்பு உட்பட 520 வெள்ளி, எல்எஸ்3/5ஏக்கு 2,800 வெள்ளி ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் அனுப்பும் கட்டணத்தோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டு ஜோடிகளையும் வைத்திருக்கவே முடிவு செய்திருக்கிறேன்: குரலுக்குச் சிறியது, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெரியது. 2016இல் நான் ஒட்டிய ஃபோம் வளையங்களின் ஓரம் சென்ற ஆண்டு முதல் வெளிறி, மடிப்புகளில் நுண்ணிய வெடிப்பு காட்டத் தொடங்கியிருக்கிறது. மாற்று வளையங்கள் வந்துவிட்டன. இம்முறை ஃபோம் அல்ல, ரப்பர். ஃபோமைவிட ரப்பர் கனம் என்பதால் கூம்பின் அசைவு மாறி, தாழ்வொலி எப்படி ஒலிக்கும் என்பதை ஒட்டிக் கேட்ட பிறகே சொல்ல முடியும். முதலில் ஒரு வூஃபருக்கு மட்டும் மாற்றி, மற்றதோடு ஒப்பிட்டுக் கேட்கப்போகிறேன். அதற்காக அம்மா ஒரு நாதஸ்வர மல்லாரித் தட்டை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்.