15 மாசம் கழிச்சு சொல்றேன்: பாப்பாவுக்கு வாங்கினதுல எது உழைச்சது, எது பரண்ல கிடக்குது

போன வருசம் கத்திரி வெயில்ல பொறந்தவ என் பொண்ணு, இப்ப 15 மாசம் முடிஞ்சிருச்சு. ரெண்டாவது மாசத்துலயே இத எழுதியிருந்தா தொட்டிலுக்கு கோயில் கட்டி கும்பிட்டிருப்பேன், மரக்கட்டில் வாங்கினதுக்கு வீட்டுக்காரர திட்டி தீர்த்திருப்பேன். இப்ப அது ரெண்டும் அப்படியே தலைகீழா மாறிடுச்சு. அதனாலதான் இவ்ளோ நாள் கழிச்சு எழுதறேன்.

மொதல்ல துணி. எங்க பக்கம் பொறக்கறதுக்கு முன்னாடி துணி வாங்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க, அம்மா ஒரு சாக்ஸ் கூட வாங்க விடல. நான் சும்மா இருப்பேனா, ஆன்லைன்ல ஆறு ரோம்பர் ஆர்டர் போட்டு வீட்டுக்காரர் ஆபீஸ் அட்ரஸுக்கு வரவெச்சேன். பாக்க அவ்ளோ அழகு. பொறந்து நாலாவது நாள் ராத்திரி மூணு மணி, கரண்ட் இல்ல, செல்போன் டார்ச்ச தாடைக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு மாத்தறேன், கழுத்துல இருந்து கால் வரைக்கும் 11 டிச் பட்டன், கடைசியா பாத்தா ஒரு பட்டன் மிச்சம் நிக்குது, அப்ப நடுவுல எங்கயோ ஒண்ணு மாத்தி போட்டிருக்கேன், இவ சைக்கிள் மிதிக்கற மாதிரி உதைக்கறா, மொத்தமா பிரிச்சு திரும்ப போடறதுக்குள்ள மறுபடியும் ஒண்ணுக்கு போயிட்டா. நான் உக்காந்து அழுதுட்டேன், சிரிக்காதீங்க.

காலைல அம்மிச்சி (அம்மாவோட அம்மா) வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல. பையில இருந்து ஜப்லா எடுத்து வெச்சாங்க, ஒண்ணு 45 ரூபா, முன்பக்கம் ஓப்பன், சைடுல நாடா. குழந்தைய படுக்க வெச்ச வாக்குலயே போட்டு எடுத்துடலாம், தலை வழியா நுழைக்கற வேலையே இல்ல. தொப்புள் கொடி காய்ஞ்சு விழற வரைக்கும் (எங்களுக்கு ஒம்பதாம் நாள் விழுந்துச்சு) வயித்துல எதுவும் உரசாது. மொத ஒன்றரை மாசம் அந்த பத்து ஜப்லாதான் ஓடுச்சு. ரோம்பர் ஆறுல ரெண்டு லேபிள் கூட பிரிக்கல, அதுக்குள்ள சைஸ் பத்தல.

மூணு மாசத்துக்கு அப்புறம் போட்டதெல்லாம் திருப்பூர் காதர்பேட்டைல வாங்கின எக்ஸ்போர்ட் மிச்சம். மாமா பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்காரு, அவர கூட்டிட்டு போனதுதான் நல்லதா போச்சு. அவரு துணிய மேல பாக்கவே மாட்டாரு, நேரா உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் தையல விரலால தடவுவாரு, சொரசொரன்னு இருந்தா வெச்சுட்டு அடுத்தது. அப்புறம் ஒவ்வொரு டிச் பட்டனையும் இழுத்து பாப்பாரு, கழண்டு வந்தா வாய்க்குள்ளதான போகும். அவரு சொல்லித்தான் இன்னொண்ணும் தெரிஞ்சுது, சில பனியன்ல தோள்பட்டைல ஒண்ணு மேல ஒண்ணு மடிஞ்ச மாதிரி கழுத்து வரும்ல, அது டிசைன் இல்லயாம், குழந்தை முதுகு வரைக்கும் ஆய் போயிட்டா தலை வழியா கழட்டாம கீழ இறக்கி கழட்டறதுக்காம். நான் அதுவரைக்கும் தலை வழியாத்தான் கழட்டிட்டு இருந்தேன், முடியெல்லாம் பூசிக்கிட்டு, கருமம். ஐரோப்பாவுக்கு போற சின்ன குழந்தைங்க துணில கழுத்துகிட்ட இழுக்கற கயிறு வரவே கூடாதுன்னு ரூல் இருக்கு, எங்கயாவது மாட்டி இறுக்கிடும்னு. லோக்கல் கடைல தொங்கற தொப்பி சட்டைல பாத்தா முழ நீளத்துக்கு கயிறு. நான் வாங்கினா உருவிட்டுத்தான் போடறேன்.

கை உறை வாங்கறீங்கன்னா உள்பக்கம் திருப்பி பிசுறு நூலெல்லாம் வெட்டிட்டு போடுங்க. எங்க பாப்பா ஒரு நாள் காரணமே இல்லாம அரை மணி நேரம் வீறிட்டு அழுதா, பசி இல்ல, வயித்து வலி இல்ல, கடைசில உறைய கழட்டினா மோதிர விரல்ல ஒரு நூல் சுத்தி நுனி செக்கச்செவேல்னு வீங்கி இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நெனைக்கவே பயமா இருக்கு. அன்னிக்கே தூக்கி போட்டாச்சு, அப்புறம் நகத்த மட்டும் வெட்டி விட்டோம்.

டயப்பர் விசயத்துல நான் ஏமாந்தது ஆஃபர்ல. 5 கிலோ வரைக்கும் போடற நியூபார்ன் சைஸ் ரெண்டு பெரிய பேக் சேத்து வாங்கி வெச்சேன், 2.8 கிலோல பொறந்தவ ரெண்டரை மாசத்துல அத தாண்டிட்டா, ஒரு பேக் அப்படியே பக்கத்து வீட்டுக்கு போச்சு. பகல்ல எங்க அப்பாவோட பழைய வேட்டிதான். நாலு முழ வேட்டிய கிழிச்சா எட்டு துண்டு வரும், அஞ்சு வேட்டி கிழிச்சோம். கடைல வாங்கின புது லங்கோடு நாலு தடவ துவைச்சும் வெறப்பா இருந்துச்சு, தண்ணி உறிஞ்சல. பத்து வருசம் துவைச்ச வேட்டிக்கு ஈடு எதுவும் கிடையாது, அடிச்சு சொல்வேன். அப்பாதான் பீரோவ தொறந்துட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு போனாரு.

இப்ப தொட்டில். அம்மா வீட்டு ஹால் கொக்கில ஸ்பிரிங் மாட்டி, அம்மாவோட காட்டன் சேலைய போட்டு கட்டினாங்க. ஸ்பிரிங் விட்டுட்டா என்ன ஆகறதுன்னு அப்பா கூடவே ஒரு நைலான் கயிறையும் தளர்வா சேத்து கட்டி விட்டாரு, தொட்டில் கட்டறவங்க இத கட்டாயம் செய்யுங்க. ரெண்டு ஆட்டு ஆட்டினா தூங்கிடுவா. ஆனா டாக்டர்கிட்ட சொன்னப்ப, சேலை குழிவா இருக்கறதால தலை முன்னாடி மடங்கி தாடை நெஞ்சுல இடிச்சா சின்ன குழந்தைக்கு மூச்சு விட கஷ்டம், ஆள் பக்கத்துல இருந்தா மட்டும் போடுங்க, ராத்திரிக்கு சமமான எடத்துல மல்லாக்க படுக்க வைங்கன்னு சொல்லிட்டாரு. அம்மாவுக்கு கோவம், நீயெல்லாம் அதுல வளந்தவதானன்னு. நான் டாக்டர் சொன்னபடிதான் செஞ்சேன். ஏழாம் மாசம் ஒரு மத்தியானம் கிச்சன்ல இருந்து எட்டி பாக்கறேன், தொட்டிலுக்குள்ள எந்திரிச்சு உக்காந்து ரெண்டு கையாலயும் சேலைய விலக்கிட்டு என்னைய பாத்து சிரிக்கறா. குடல் வாய்க்கு வந்துருச்சு. அன்னிக்கு சாயங்காலமே கழட்டியாச்சு.

அப்பதான் மரக்கட்டில் வேலைக்கு வந்துச்சு. 11,000 ரூபா, ஏழு மாசமா துவைச்ச துணி போட்டு வெச்ச கட்டில். கம்பிக்கு கம்பி இடைவெளி 6 செமீக்கு மேல இருக்கக்கூடாதுன்னு படிச்சுட்டு ஸ்கேல் வெச்சு அளந்துதான் வாங்கினாரு வீட்டுக்காரரு, அந்த வகையில மனுசன் கெட்டி. சுத்தி கட்டற பஞ்சு பார்டர், தலகாணி, பொம்மையெல்லாம் செட்டா வந்துச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டோம். அமெரிக்காவுல அந்த பார்டர விக்கறதையே 2022ல சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, முகம் அதுல புதைஞ்சு மூச்சு முட்டுதுன்னு. புடிச்சு நிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மெத்தைய கடைசி உயரத்துக்கு இறக்கிடுங்க, நாங்க ஒரு வாரம் தள்ளிப்போட்டு, ஒரு கால வெளிய போட்டு தொங்கிட்டு இருந்தவள புடிச்சோம்.

நான் யாரு சொல்லியும் விட்டுக்கொடுக்காத ஒரே பொருள் கார் சீட். 13 கிலோ வரைக்கும் தாங்கற, பின்பக்கம் பாத்து உக்கார வெக்கற டைப், ஆரஞ்சு கலர் லேபிள்ல வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் E எழுத்து (ஐரோப்பா பாதுகாப்பு டெஸ்ட் பாஸான அடையாளம்) போட்டது. அத்தைக்கு புடிக்கவே இல்ல, மடில வெச்சுக்காம பச்ச குழந்தைய கட்டி போடறதான்னு. கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு 100 கிலோமீட்டர், மொத தடவ அவினாசி வரைக்கும் கத்திக்கிட்டே வந்தா, அத்தை மூஞ்சிய திருப்பிக்கிட்டு வந்தாங்க, பெருந்துறைல பாத்தா ரெண்டு பேருமே தூங்கறாங்க. முன் சீட்ல ஏர்பேக் இருக்கற எடத்துல மட்டும் இத மாட்டிடாதீங்க, ஏர்பேக் வெடிச்சா சீட்டோட முதுகுலதான் அடிக்கும்.

ஸ்ட்ரோலர் சுத்த வேஸ்ட். எங்க தெருவுல அந்த குட்டி சக்கரம் நாலு அடி போறதுக்குள்ள ஜல்லில மாட்டிக்கும். மொத்தமா ஆறு தடவ, எல்லாம் மால்லயும் ஏர்போர்ட்லயும். வாக்கர் சித்தப்பா வாங்கி குடுத்தது, வந்த அன்னிக்கே பரண் ஏறிடுச்சு. கனடாவுல 2004லயே தடை பண்ணினது, படில உருண்டு மண்டை உடைஞ்ச கதைங்க அவ்ளோ. சித்தப்பா கேட்டா சக்கரம் ரிப்பேர்னு சொல்லிக்கறோம். குளிக்க வெக்கற பிளாஸ்டிக் டப் தப்பில்ல, ஆனா மொத மூணு மாசம் அம்மிச்சி கால நீட்டி அதுல போட்டு ஊத்தினதுதான், அந்த கைப்பழக்கம் எனக்கு வரல.

நாத்தனாருக்கு இப்ப ஏழாம் மாசம். வேட்டி துண்டுல நல்லா இருக்கறது ஒரு முப்பது தேறுச்சு, வெந்நீர்ல அலசி வெயில்ல காய வெச்சு தனியா கட்டி வெச்சிருக்கேன், ஜப்லா பத்தும் அதோட. கட்டில் இப்ப இவளுக்கே வேணும். தொட்டில் ஸ்பிரிங் துரு புடிச்சிருச்சு, அத மட்டும் குடுக்கல, புதுசு வாங்கிக்க சொல்லிட்டேன். கார் சீட்டும் இப்போதைக்கு தர முடியாது, இவ இன்னும் 9.4 கிலோதான்.