2 இரவு, 3 பகல்: ஜோடிகளுக்கான கோடை நகர பேக்கேஜை வாங்கலாமா?

குழந்தைகள் இல்லாமல் இருவர் மட்டும் கோடையில் ஒரு நகரத்துக்குப் போய்வர "கப்பிள் பேக்கேஜ்" என்று விற்கிறார்கள். எந்த ஊர், எந்த நிறுவனம் என்றாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு இரவு அறை, காலை உணவு, அரை நாள் நகர்வலம், ஒரு மெழுகுவத்தி டின்னர், ஸ்பா, கட்டிலில் பூ அலங்காரம். இதில் அறைக்குக் காசு கொடுக்கலாம், தனியாகக் கேட்டு வாங்கும் தாமத செக்-அவுட்டுக்கும் (அறையைத் தாமதமாகக் காலி செய்யும் சலுகை) கொடுக்கலாம், நடுப்பகலில் நேரம் கிடைத்தால் ஸ்பாவுக்கும் கொடுக்கலாம். மற்றதெல்லாம் கோடையில் உங்கள் நல்ல நேரத்தைத் தின்பவை. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் மணிக்கணக்கு. விளம்பரத்தில் மூன்று பகல் என்று இருக்கும். பெரும்பாலான ஹோட்டல்களில் செக்-இன் மதியம் 2 மணி, செக்-அவுட் காலை 11 மணி. ஆக உங்கள் கையில் இருப்பது 45 மணி நேரம். தூக்கத்துக்கு 16 போனால் 29. கோடையில் காலை 11 முதல் மாலை 4.30 வரை வெளியே நடப்பது தண்டனை. அதையும், குளித்துக் கிளம்பும் நேரத்தையும் கழித்துப் பாருங்கள்: முதல் நாள் மாலை ஐந்து மணி நேரம், மறுநாள் காலை நாலு, மாலை ஐந்து, கடைசி நாள் காலை மூன்றரை. சுகமாக ஊர் சுற்றக் கிடைப்பது 17 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரு பேக்கேஜ் நல்லதா கெட்டதா என்பதை இந்த 17 மணி நேரத்தை அது என்ன செய்கிறது என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அறைக்கு வருவோம். விலை "ஒருவருக்கு, ட்வின் ஷேரிங் முறையில்" என்று போட்டிருந்தால் அதை இரண்டால் பெருக்கிய பிறகே வேறு எதனுடனும் ஒப்பிட வேண்டும். ட்வின் என்றால் இரண்டு தனிக் கட்டில். ஜோடி என்று சொல்லி புக் செய்தாலும், இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப்போட்டு மேலே ஒரே விரிப்பை விரித்து வைக்கும் ஹோட்டல்கள் உண்டு. ராத்திரி நடுவில் இடைவெளி விரியும். அறை வகையின் பெயரிலேயே கிங் அல்லது டபுள் என்று இருக்க வேண்டும். குறிப்புப் பெட்டியில் எழுதும் "ரிக்வெஸ்ட்" உத்தரவாதம் ஆகாது.

கோடையில் அதைவிட முக்கியம் அறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. மேற்குப் பார்த்த ஜன்னல் மதியம் 2 மணிக்கு மேல் பொழுது சாயும் வரை வெயிலை வாங்குகிறது. சுவரில் ஏறிய சூடு உடனே இறங்காது. நீங்கள் இரவு 10 மணிக்குத் திரும்பி வரும்போது அது அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கடைசி மாடியில் மேல்தளச் சூடும் சேரும். நடு மாடியில் கிழக்குப் பார்த்த அறை கேளுங்கள். காலை வெயில் சீக்கிரம் எழுப்பிவிடும், ஆனால் கோடையில் அந்த நேரத்தில் எழுந்தே ஆக வேண்டும். "சிட்டி வியூ" என்று கூடுதல் பணம் வாங்கும் அறைகள் சில சமயம் மேற்குப் பக்கத்தில்தான் இருக்கும், அஸ்தமனம் தெரியும் என்பதற்காக. கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அறைக்குள்ளேயே வெப்பநிலையை மாற்ற முடியுமா, 24 மணி நேரமும் ஓடுமா என்று கேட்க வேண்டும். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே கட்டுப்பாடு வைத்திருக்கும் இடங்களில் ராத்திரியில் குளிர்ச்சியைக் குறைத்துவிடுவார்கள். குளிர் நாடுகளின் பழைய ஹோட்டல்கள் பலவற்றில் ஏசியே கிடையாது, ஒரு ஃபேன் இருக்கும். இன்னொன்று, சாவி அட்டையைச் சுவர்ச் செருகியிலிருந்து எடுத்தவுடன் கரண்ட் போய்விடும் அறைகள். நடுப்பகலில் திரும்பி வந்தால் அறை அனலாக இருக்கும், குளிர அரை மணி ஆகும். வெளியே கிளம்பும்போது தடித்த திரையை முழுக்க இழுத்து மூடிவிட்டுப் போனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். ஏசியை 22-ல் போட்டு, காற்று வரும் வாய்க்கு நேரே கையை நீட்டுங்கள். பத்து நிமிடத்தில் அந்தக் காற்று சில்லென்று இல்லையென்றால் ராத்திரியிலும் இருக்கப்போவதில்லை. காத்திருக்கும்போது திரையை விலக்கி வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பக்கத்துக் கட்டடத்தின் சுவரா, வரிசையாக ஏசி எந்திரங்களா, கீழே மது பாரா. குளியலறையில் வெந்நீர்க் குழாயையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கட்டில் கலையாமல், துண்டு தொடாமல் இருக்கும்போது அறையை மாற்றித் தருவது ஹோட்டல்காரருக்கு எளிது. இரவு 11 மணிக்குக் கேட்டால் மாற்று அறை இருக்காது.

முன்பதிவுத் தளங்களில் விமர்சனங்களைப் பயணி வகையை வைத்து வடிகட்டலாம். "ஜோடிகள்" என்று வடிகட்டி, அதிலும் கோடை மாதங்களில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். குளிர்காலத்தில் தங்கியவர் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தில் ஏசியைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. "பெரியவர்களுக்கு மட்டும்" என்று சொல்லும் ஹோட்டல்களில் வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும், 12 என்பாரும் உண்டு, 18 என்பாரும் உண்டு. நீச்சல் குளத்தில் பொழுது போக்குவதாக இருந்தால் மட்டுமே அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம்.

இடத்தை நட்சத்திரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நடுப்பகலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்புவதுதான் கோடைப் பயணத்தின் அச்சாணி. பார்க்கப் போகும் இடங்களிலிருந்து 15 நிமிட நடை, அல்லது வண்டி மாறாமல் ஒரே மெட்ரோ. இதற்கு மேல் போனால் திரும்பி வர மனம் வராது, வெயிலில் ஒரு கடையில் உட்கார்ந்து எரிச்சலாகி இருவரும் சண்டை போடுவதில் முடியும். "மையத்திலிருந்து 3 கி.மீ." என்று தளங்கள் காட்டுவது பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறோ ரயில்பாதையோ இருந்தால் நடை இரட்டிப்பாகும். வரைபடத்தில் நடைவழியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பேக்கேஜ்கள் விலையைக் குறைக்கக் கைவைப்பது பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான்.

காலை உணவு சேர்ந்திருப்பது லாபம் என்று தோன்றும். பல இடங்களில் 7 மணிக்குத்தான் ஆரம்பிப்பார்கள். சாப்பிட்டுக் கிளம்பினால் மணி 8.30, நல்ல வேளையில் பாதி போய்விட்டது. காலை உணவு 10.30 வரை உண்டு என்றால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 6.30-க்கு வெறும் டீயோ காபியோ குடித்துவிட்டுக் கிளம்பி, பழைய நகரத் தெருக்களையும் சந்தையையும் ஆற்றங்கரையையும் பார்த்துவிட்டு, 9.45-க்குத் திரும்பி வந்து நிதானமாகச் சாப்பிடலாம். 9.30-க்கே மூடுகிறவர்கள் என்றால் உணவில்லாத விலையைக் கேளுங்கள்.

அரை நாள் நகர்வலத்தை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பல ஹோட்டல்களில் ஆள் ஏற்றி வருவதிலேயே கணிசமான நேரம் போகிறது, அதுவும் காலையின் குளிர்ந்த நேரம். பிறகு கமிஷன் கிடைக்கும் கடை ஒன்றில் நிறுத்துவார்கள். மதிய வேளை வலம் என்றால் கூரையில்லாத பேருந்தின் மேல்தளத்தில் வெயில் நேரே தலையில் இறங்கும். அதே பணத்துக்கு மாலை 6 மணிக்கு மேல் தொடங்கும் இரண்டு மணி நேர நடைவலம் பல ஊர்களில் கிடைக்கிறது. குழுவில் 15 பேருக்கு மேல் இருந்தால் வழிகாட்டி சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது, எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில பேக்கேஜ்களில், பல இடங்களுக்கு ஒரே நுழைவுச்சீட்டாக இருக்கும் சுற்றுலா அட்டையும் சேர்த்துத் தருவார்கள். அது மணிக்கணக்கா, தேதிக்கணக்கா என்று பாருங்கள். 48 மணி நேர அட்டையை முதல் நாள் மாலை 5-க்குத் தொடங்கினால் மூன்றாம் நாள் மாலை 5 வரை ஓடும், உங்கள் பயணம் முழுக்க அடங்கிவிடும். "2 நாள்" என்று தேதிக்கணக்கில் ஓடும் அட்டையை அதே நேரத்தில் தொடங்கினால் ஒரு முழு நாள் வீண். பாரிஸ் மியூசியம் பாஸ் மணிக்கணக்கில் ஓடுவது, ஆனால் அதை வைத்திருந்தாலும் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குத் தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும். அட்டை கையில் இருந்தால் எங்கும் நுழையலாம் என்று நம்பிப் போய் வாசலில் திரும்புகிறவர்கள் இதனால்தான். 17 மணி நேரத்தில் கட்டணம் உள்ள இடங்கள் மூன்றுக்கு மேல் பார்க்க முடியாது. அந்த மூன்றின் நுழைவுக் கட்டணத்தையும், அட்டையில் அடங்கினால் போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பாருங்கள், அட்டை விலையைத் தாண்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தேதி விஷயத்தில் குழந்தைகள் இல்லாதவர்களுக்குப் பெரிய சலுகை உண்டு, பேக்கேஜ்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். பள்ளி திறந்த மறு வாரம் போகலாம். வெயிலும் நீண்ட மாலையும் அப்படியே இருக்கும், கூட்டமும் விலையும் இறங்கியிருக்கும். கிழமையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அலுவலகங்கள் நிறைந்த நகரங்களில் வெள்ளி, சனி இரவுகளில் பிசினஸ் ஹோட்டல்கள் காலியாகி விலை குறையும். சுற்றுலா நகரங்களில் இது தலைகீழ், ஞாயிறு இரவுதான் மலிவு. ஆனால் ஞாயிறு போய் செவ்வாய் திரும்புகிறவர்கள் விடுமுறை நாட்களைப் பார்க்க வேண்டும். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் திங்களன்று மூடல், லூவ்ர் செவ்வாயன்று. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனைக்கும் செவ்வாய் விடுமுறை, தாஜ்மகாலுக்கு வெள்ளி. மாலையில் நீட்டித்துத் திறக்கும் நாட்களும் உண்டு: லூவ்ர் புதன், வெள்ளியில் இரவு 9 மணி வரை, ஓர்சே வியாழனில் 9.45 வரை. அந்த நேரங்களில் சுற்றுலாக் குழுக்கள் குறைவு. இருவர் பேசிக்கொண்டே பார்க்க அதைவிட நல்ல வேளை இல்லை.

பதிவு செய்யும் வரிசையில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். ரயில் அல்லது விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, பிறகு பார்க்க நினைத்த இடத்துக்கு டிக்கெட் இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் வீட்டு அருங்காட்சியகத்துக்கு ஆன்லைனில் மட்டுமே டிக்கெட், ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் தள்ளிய தேதிகளுக்குத் திறக்கிறார்கள். ஆகவே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பிடியுங்கள். அடுத்து நேரம் குறித்த நுழைவுச்சீட்டு. அது கைக்கு வந்த பிறகே திரும்பப் பெற முடியாத பயணச்சீட்டு. பேக்கேஜில் இந்த வரிசை சாத்தியமில்லை, மொத்தப் பணமும் ஒரே நாளில் போய்விடும். அதன் ரத்து விதியையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். அறைக்கு 48 மணி நேரம் முன்பு வரை இலவசம் என்று இருக்கலாம், ஆனால் டின்னரும் வலமும் சேர்ந்ததால் மொத்தமும் "பணம் திரும்பாது" என்று ஆகியிருக்கும். ரத்துக்கான கெடு, ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. வெயிலால் திட்டம் மாறுவது கோடையில் சாதாரணம். 2023 ஜூலை வெப்ப அலையில் ஏதென்ஸில் குன்றின் மேலுள்ள அக்ரோபோலிஸ் தொல்லிடத்தையே நடுப்பகலில் மூடினார்கள்.

ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் தங்கும் வரி தனி. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலிலேயே வாங்குவார்கள், பேக்கேஜ் விலையில் அது பெரும்பாலும் அடங்காது.

மெழுகுவத்தி டின்னருக்கு நேரமும் மெனுவும் அவர்கள் வைத்தது. 7.30-க்கு வரச் சொல்வார்கள். வடக்கே உள்ள நகரங்களில் ஜூன் மாதம் அந்த நேரத்தில் வெயிலே மறைந்திருக்காது, மெழுகுவத்திக்கு வேலை இல்லை. அந்தப் பணத்தில் வெளியே ஓர் உணவகத்தில் 9 மணிக்கு மேசை பதிவு செய்யுங்கள். பதியும்போது "வெளி மேசை உறுதியா, உள்ளேதான் பதிவா" என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் பதிவு உள்ளே மட்டும். பூ அலங்காரம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பா அப்படியல்ல. மதியம் 1 முதல் 3 மணிக்குள் நேரம் தருவார்கள் என்றால், வெளியே நடக்க முடியாத வேளையைக் குளிர்ச்சியான இடத்தில் கழிக்க நல்ல வழி. மாலை 6 மணிக்குத்தான் என்றால் வேண்டாம்.

கேட்க வேண்டிய ஒரே சலுகை தாமத செக்-அவுட். காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்து, மாலை ரயில் வரை பெட்டியோடு வெயிலில் அலைவதுதான் இந்தப் பயணங்களின் மிக மோசமான பகுதி. "இருந்தால் தருகிறோம்" என்ற வாசகம் பேக்கேஜில் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே இப்படி எழுதிக் கேளுங்கள்: "நாங்கள் இருவர். இந்தத் தேதியில் இரண்டு இரவு. நடு மாடியில், மேற்குப் பார்க்காத, ஒரே பெரிய கட்டில் உள்ள அறை வேண்டும். ஏசியை அறைக்குள் நாங்களே மாற்ற முடியுமா? கடைசி நாள் மாலை 4 மணி வரை அறை வேண்டும், அதற்குக் கட்டணம் எவ்வளவு? கிடைக்காவிட்டால் பெட்டிகளை வைத்துவிட்டு, மாலையில் வந்து குளித்து உடை மாற்ற வசதி உண்டா?" வரும் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராத ஹோட்டலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இனி பேக்கேஜ் யாருக்குச் சரி? பயணச்சீட்டும் அறையும் மட்டும் சேர்ந்த பேக்கேஜ் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். திருவிழா, மாநாடு என்று ஊரே நிறைந்திருக்கும் தேதிகளில், முன்கூட்டியே அறைகளைப் பிடித்து வைத்திருக்கும் ஏஜென்சியிடம் மட்டுமே இடம் கிடைப்பதும் உண்டு. மற்றவர்கள் அதே ஹோட்டலின் சொந்தத் தளத்தில் அதே தேதிக்கு அறை விலையைப் பார்த்து, அதனுடன் மாலை 4 மணி வரையிலான தாமத செக்-அவுட் கட்டணத்தையும் கூட்டுங்கள். பேக்கேஜ் விலை அதைவிடக் குறைவாக, தாமத செக்-அவுட் எழுத்தில் உறுதியாக இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பிறகு நகர்வலத்துக்குப் போகாமல் விடுவது உங்கள் உரிமை.