இலக்கிய வடிவங்களும் வகைமைகளும்: இந்த இணைய வகுப்பை வாங்கலாமா?

நிறைய வாசிப்பவர்கள்கூட ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வந்தால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு நின்றுவிடுகிறோம் இல்லையா, அவர்களுக்கு இந்த வகுப்பு உண்மையிலேயே உதவும். பதிவு செய்த வீடியோக்கள், கூடவே வாசிப்புத் தாள்கள், அவ்வளவுதான். ஆனால் வடிவம் வேறு, வகைமை வேறு என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உதாரணத்துக்கு 1897இல் வந்த டிராகுலாவை எடுத்துக்கொள்கிறார்கள். வகைமை திகில். வடிவம், நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு எல்லாம் சேர்த்துக் கட்டிய நாவல். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது, அதனால்தான் அந்தப் பயம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது என்று வகுப்பெடுக்கும் ஆசிரியர் விளக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு நாவலையே எடுத்துப் புரட்டத் தோன்றுகிறது.

சானெட் என்ற ஐரோப்பியக் கவிதை வடிவத்தைப் பற்றிய பாடம்தான் உச்சம். 14 அடி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் பாணியில் எட்டு அடி வரை ஒரு தவிப்பு வளர்ந்து ஒன்பதாவது அடியையொட்டிப் பேச்சு திரும்புவதையும், ஷேக்ஸ்பியர் பாணியில் நாலடி நாலடியாக மூன்று பகுதிகள் போனபிறகு கடைசி இரண்டு அடி மொத்தத்தையும் முடித்துவைப்பதையும் வாசித்தே காட்டுகிறார். அப்புறம் அங்கிருந்து வெண்பாவுக்கு வருகிறார் பாருங்கள், நான்கு நான்கு சீராகக் கேட்டுப் பழகிய காது, கடைசி அடி மூன்றாவது சீரிலேயே நிற்கும்போது பாட்டு முடிந்ததைத் தானாக உணர்ந்துகொள்கிறது. யாப்பைக் கண்டு பயந்து ஒதுங்கியவர்கள் இந்த ஒரு பாடத்தையாவது பார்க்க வேண்டும்.

ஹைக்கூ பாடம் பெரிய ஏமாற்றம். மூன்று வரி, 5-7-5 அசைகள், முடிந்தது! ஜப்பானிய மரபில் பருவத்தைக் குறிக்கும் சொல்லும், கவிதையை இரண்டாக வெட்டி நிறுத்தும் சொல்லும் எவ்வளவு முக்கியம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வெட்டில்தான் இரண்டு காட்சிகள் மோதிக்கொள்கின்றன, அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது எண்ணிக்கை மட்டும்தான். சிறுகதைக்கும் நாவலுக்கும் உள்ள வேறுபாட்டையும் பக்கக் கணக்கில் சுருக்கிவிட்டார்கள். ஒரே மூச்சில் வாசித்து முடிப்பதால் கிடைக்கும் ஒருமை உணர்வைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1840களிலேயே எழுதியிருக்கிறார், அங்கிருந்து தொடங்கியிருந்தாலே பாடம் நிமிர்ந்திருக்கும்.

நாடகப் பாடம் பரவாயில்லை. ஒலித்தரம் சில இடங்களில் மோசம், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பாடங்களை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் நேரே சானெட் பாடத்துக்குப் போய், பிடித்திருந்தால் டிராகுலாவுக்குத் திரும்பி வாருங்கள்.