மாண்டிசோரியா, வழக்கமான கிண்டர்கார்டனா?

இங்க சிங்கப்பூர்ல எங்க மூத்தவ போனது வழக்கமான கிண்டர்கார்டன், சின்னவன் போறது மாண்டிசோரி, அதனால ரெண்டையும் பக்கத்துல இருந்தே பாத்துட்டேன்.

மூத்தவளுக்கு எல்லாமே டைம்டேபிள்தான். டீச்சர் முன்னாடி நின்னு சொல்லித் தருவாங்க, மொத்த வகுப்பும் ஒரே பக்கத்த திறக்கும், அரை மணி நேரத்துல அடுத்த பாடம்.

சின்னவன் வகுப்புல மூணு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் ஒண்ணா இருக்காங்க, அவனே ஒரு பாய விரிச்சு, அலமாரியிலேர்ந்து வேணுங்கறத எடுத்து வச்சு செய்றான், காலைல மூணு மணி நேரம் யாரும் குறுக்கிடறதில்ல. ஒரு நாள் ஜன்னல் வழியா பாத்தேன், உப்புத்தாள்ல வெட்டி ஒட்டின எழுத்த ரெண்டு விரலால திரும்பத் திரும்ப தடவிக்கிட்டே இருந்தான், கை பழகுன பிறகுதான் பென்சிலாம், எனக்கு அப்படியே கண்ணு கலங்கிடுச்சு. 1907ல ரோம்ல மரியா மாண்டிசோரி ஏழைப் பிள்ளைங்களுக்காக தொடங்குன முறை இது.

ஆனா மாண்டிசோரிங்கற பேர யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், அதனால போர்ட பாத்து சேக்காதீங்க, டீச்சர் எங்க பயிற்சி எடுத்தாங்கன்னு கேளுங்க.

பிரைமரி ஒண்ணுல நாப்பது நிமிஷம் உக்கார மூத்தவளுக்கு கஷ்டமே இல்ல, அது நிஜமாவே வழக்கமான பள்ளியோட பலம்.

தமிழ்தான் எனக்கு பெரிய கவல. கல்வி அமைச்சோட கிண்டர்கார்டன்ல தமிழ் உண்டு, நாங்க பாத்த மாண்டிசோரி பள்ளிங்கள்ல சீனம் மட்டும்தான் இருந்துச்சு. அதனால சின்னவனுக்கு நானே வீட்டுல உப்புத்தாள் வாங்கி அ, ஆ வெட்டிக்கிட்டு இருக்கேன்.