நூலக வரிக்கு ஓட்டு: ஐம்பதா, அறுபதா, மூன்றில் இரண்டு பங்கா?

அமெரிக்காவில் ஓர் ஊர் நூலகம் பெரும்பாலும் அந்த ஊரின் சொத்து வரியில்தான் ஓடுகிறது. அந்த வரியைப் புதிதாகப் போடவோ கூட்டவோ வேண்டுமானால் பல மாநிலங்களில் ஊர்க்காரர்களிடமே ஓட்டுக் கேட்டாக வேண்டும். நம் பக்கம் இந்தக் கதையே கிடையாது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது, அதற்குப் பின்னால் எஸ்.ஆர்.ரங்கநாதனின் பல வருட உழைப்பு இருந்தது, அன்றிலிருந்து நூலக வரி வீட்டு வரியோடு சேர்ந்தே வருகிறது, யாரும் நம்மைக் கேட்டதில்லை. (வசூலான பணம் நூலகத் துறைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது தனிப் பஞ்சாயத்து.)

அங்கே எந்த மாநில விதி நல்லது என்ற விவாதம் வந்தால் எல்லாரும் சதவீதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: ஓட்டில் தோற்றுவிட்டால் மறுநாள் நூலகத்தின் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

சரி, கடினமான விதியிலிருந்தே வருவோம். கலிஃபோர்னியா. 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் பிரேரணை சொத்து வரிக்கு 1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. கூடவே, நூலகம் போன்ற ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று தனி வரி போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் கட்டிவிட்டது. கடன் பத்திரங்களுக்கு இதே அளவுகோல் 1879 அரசியல் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதாவது நூறு பேரில் 66 பேர் நூலகம் வேண்டும் என்று சொல்லி 34 பேர் வேண்டாம் என்றால், ஜெயிப்பது அந்த 34. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விதியைக் கொண்டுவந்த 13-ஆம் பிரேரணைக்குக் கிடைத்ததே சுமார் 65 சதவீதம்தான், தன் அளவுகோலில் தானே தேறியிருக்காது!

இந்த விதியை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. வரி கட்டுவது வீட்டுக்காரர், ஓட்டுப் போடுவது எல்லாரும், அதனால் கொஞ்சம் கூடுதலான சம்மதம் இருக்கட்டும் என்கிறார்கள். எட்ட முடியாத அளவும் இல்லை. ஓக்லாந்து நகரம் 2018 ஜூனில் நூலகத்துக்காக மனைக்கு இவ்வளவு என்று போடும் வரி ஒன்றை இந்தக் கோட்டைத் தாண்டியே நிறைவேற்றியது. ஆனால் ஓக்லாந்தில் முடிவது, நூலகம் அதிகம் தேவைப்படும் ஏழை விவசாய ஊரில் முடியுமா என்பதுதான் கேள்வி.

அப்படிப்பட்ட ஊர் சலினாஸ். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஸ்டைன்பெக் பிறந்த ஊர், அதனால்தான் இந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவியது. 2004 நவம்பரில் வாக்காளர்கள் புதிய வரிகளை நிராகரித்ததும் ஊரின் மூன்று நூலகங்களையும் மூடிவிடுவது என்று நகர மன்றம் முடிவெடுத்தது. அடுத்த வருடமே அரை சென்ட் விற்பனை வரியை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், நூலகங்கள் தப்பின. எப்படி முடிந்தது என்றால், அதைப் பொது வரியாகக் கொண்டுவந்தார்கள். பணம் நகரத்தின் பொதுக் கணக்குக்குப் போகும் என்றால் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் போதும்; நூலகத்துக்கு மட்டுமே என்று எழுத்தில் கொடுத்தால் மூன்றில் இரண்டு வேண்டும். ஆக, மக்களிடம் நேர்மையாக 'இந்தக் காசு இதற்குத்தான்' என்று உறுதி கொடுப்பவருக்குக் கஷ்டமான பரீட்சை, 'நம்புங்கள், பார்த்துச் செய்வோம்' என்பவருக்குச் சுலபமான பரீட்சை. இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் வழங்கிய அப்லாந்து தீர்ப்புக்குப் பிறகு, மன்றம் கொண்டுவராமல் குடிமக்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் தனி வரிக்குப் பாதிக்கு மேல் போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. நல்லதுதான், ஆனால் இது முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்வாசலைத் திறப்பது. 2000-இல் பள்ளிக் கடன் பத்திரங்களுக்கு மட்டும் 55 சதவீதமாகக் குறைத்தார்கள். வீட்டு வசதிக்கும் உள்ளூர்ப் பொதுக் கட்டமைப்புக்கும் அதே சலுகை கேட்ட 5-ஆம் பிரேரணையை 2024 நவம்பரில் வாக்காளர்களே தோற்கடித்தார்கள்.

வாஷிங்டன் மாநிலம் இதைவிடத் தெளிவு. அன்றாடச் செலவும் கடனும் வேறு வேறு என்று பிரித்திருக்கிறது. கிராமப்புற நூலக மாவட்டம் (நூலகத்துக்கென்றே வரி போடும் தனி அமைப்பு) 1,000 டாலர் சொத்து மதிப்புக்கு 50 சென்ட் வரை வரி போடலாம். மொத்த வசூல் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது (புதுக் கட்டடங்கள் கணக்கில் வராது). அதைத் தாண்ட வேண்டுமானால் பாதிக்கு மேல் ஓட்டு போதும். கட்டடம் கட்டக் கடன் பத்திரம் என்றால் 60 சதவீதம், அதோடு கடந்த பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்களின் எண்ணிக்கையில் 40 சதவீத அளவுக்காவது ஆட்கள் வந்து ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. கடனை இருபது வருடம் கட்டப் போகிறவர்களில் பலர் இன்று ஓட்டுரிமையே இல்லாத பிள்ளைகள், அதற்குக் கூடுதல் சம்மதம் கேட்பதில் நியாயம் உண்டு. புத்தகம் வாங்கவும் விளக்கு எரியவும் அவ்வளவு தேவையில்லை. அந்த 1 சதவீத வரம்புதான் உதைக்கிறது: விலைவாசி 3 சதவீதம் ஏறுகிற வருடம் நூலகம் எதுவும் செய்யாமலே இளைக்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை மக்களிடம் போய் நின்றே தீர வேண்டும்.

ஓரிகன் செய்த வேலையைச் சொல்லாமல் விட முடியாது. 1996-இல் அங்கே ஒரு இரட்டைப் பெரும்பான்மை விதி வந்தது, ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேராவது ஓட்டும் போட்டிருக்க வேண்டும். இரட்டைப்படை வருட நவம்பர் தேர்தலுக்கு மட்டும் விலக்கு. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. நடப்பில், எதிர்ப்பவர் வாக்களிப்பதைவிட வீட்டில் இருப்பது லாபம். போர்ட்லண்ட் நகரம் இருக்கும் மல்ட்னோமா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) 2002 மே மாதம் நூலக வரிக்கு 'ஆம்' ஓட்டுகள் அதிகம் விழுந்தும், போதிய பேர் வராததால் செல்லாமல் போனது. நவம்பரில் மறுபடி வைத்து நிறைவேற்றினார்கள். 2008-இல் மே, நவம்பர் தேர்தல்களுக்கு இந்த விதியை நீக்கிவிட்டார்கள், போனது நல்லது. மல்ட்னோமா மக்கள் 2012-இல் நிரந்தர நூலக மாவட்டத்தையே அமைத்துக்கொண்டார்கள். அதே மாநிலத்தில் டக்ளஸ் கவுண்டியில் 2016 நவம்பரில் நூலக மாவட்டம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள், அடுத்த வருடம் கவுண்டியின் நூலகங்கள் வரிசையாக மூடப்பட்டன. இங்கே தேவைப்பட்டது சாதாரணப் பெரும்பான்மைதான் என்பதைக் கவனியுங்கள்.

மிச்சிகனிலும் அதே சாதாரணப் பெரும்பான்மை. ஆனால் அங்கே பல நூலக வரிகளுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது, முடிந்ததும் புதுப்பிக்க மறுபடி ஓட்டு. ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் உள்ள பேட்மோஸ் நூலகத்தின் பட்ஜெட்டில் சுமார் 84 சதவீதம் இப்படிப்பட்ட வரியில் வந்தது. பால்புதுமையினர் (LGBTQ) பற்றிய சில புத்தகங்கள் அலமாரியில் இருக்கலாமா என்று ஊரில் சண்டை மூண்டது, அந்தக் கோபம் 2022 ஆகஸ்டில் வரி ஓட்டில் இறங்கியது, தோல்வி. நவம்பரில் மீண்டும் தோல்வி. வெளியூர்க்காரர்கள் இணையத்தில் நன்கொடை திரட்டி உயிரைப் பிடித்துவைத்தார்கள், 2023 நவம்பரில்தான் வரி நிறைவேறியது. சில புத்தகங்களைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு நூலகத்தின் முக்கால் பங்குக்கும் மேலான வருமானத்தைப் பணயமாக வைக்க முடிகிறது என்றால், கோளாறு 50 சதவீதத்தில் இல்லை, காலாவதியில் இருக்கிறது. ஒஹையோவிலும் உள்ளூர் வரிக்குப் பாதிக்கு மேல்தான், அங்கேயும் பல வரிகள் காலாவதியாகும், ஆனால் மாநில அரசின் நூலக நிதி அடியில் மெத்தைபோல் கிடக்கிறது. உள்ளூரில் தோற்றாலும் ஒரே நாளில் கதவடைக்க வேண்டியதில்லை. 2025-இல் அந்த நிதியைச் சதவீதக் கணக்கிலிருந்து எடுத்து பட்ஜெட்டில் ஒரு தொகையாக மாற்றியது எனக்குக் கவலை தருகிறது.

எனக்குப் பிடித்தது நியூயார்க்கின் 414 முறை, 1995 சட்டத்தின் எண் அது. கடந்த ஆளுநர் தேர்தலில் அந்த ஊரில் பதிவான ஓட்டில் 10 சதவீதத்துக்குச் சமமான கையெழுத்துகளைத் திரட்டினால், நகர மன்றத்தின் தயவு இல்லாமலே நூலகத்துக்கான ஆண்டுத் தொகை வாக்குச்சீட்டில் ஏறிவிடும். பாதிக்கு மேல் கிடைத்தால் அந்தத் தொகை, மறுபடி ஒரு வாக்கெடுப்பு மாற்றும் வரை, வருடா வருடம் வரும். கூட்டிக் கேட்டுத் தோற்றால் பழைய தொகை அப்படியே தொடரும். நூலகர் சம்பளத்துக்குத் திண்டாட வேண்டாம், மக்களுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருக்கிறது, அப்படிச் சொன்னதற்காக இருக்கிற கதவு மூடாது. குறை ஒன்று உண்டு, தொகை தானாக ஏறாது, விலைவாசி அரிக்கும். அதற்கு வாஷிங்டன் போல ஒரு சின்ன ஆண்டு ஏற்றத்தை, 1 சதவீதம் இல்லை, விலைவாசிக்குத் தக்கபடி, சேர்த்துவிடலாம். கட்டடக் கடனுக்கு 60 சதவீதம் இருக்கட்டும். வேறு எதையும் நான் மாற்ற மாட்டேன்.

அப்புறம், எவ்வளவு ஓட்டு என்பதோடு யார் ஓட்டு என்பதையும் பார்க்க வேண்டும். வாஷிங்டனின் கொலம்பியா கவுண்டியில் 2023-இல் நூலக மாவட்டத்தையே கலைக்க வாக்கெடுப்பு கேட்டார்கள். சட்டப்படி அதில் நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும், நூலகம் இருக்கும் டேடன் நகரவாசிகள் வரி கட்டினாலும் ஓட்டு கிடையாது. நீதிபதி அதைத் தடுத்தார், அடுத்த வருடம் சட்டமன்றமும் விதியைத் திருத்தி, கையெழுத்துத் தேவையை 10-லிருந்து 25 சதவீதமாக்கி, நகரத்தாருக்கும் ஓட்டுக் கொடுத்தது.