ஹோஸில் ஆயில் இருந்தால் டர்போ போச்சா? செகண்ட் ஹேண்ட் டீசல் கார் அனுபவம்

2014 மாடல் டர்போ டீசல் செடான். டர்போ என்றால், வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. என் கைக்கு வரும்போதே ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்பைச் சுற்றி ஆயில் கசிந்து, தூசி ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்த கையோடு, "டர்போ போயிருச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள்.

அவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே இறங்கும். நம்மூர் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். அந்தப் புகை ஆயில் துளிகளையும் சேர்த்துக்கொண்டு, இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் பைப் வழியாக டர்போவுக்கு முன்னால் காற்றுப் பாதையில் கலக்கிறது. அதனால் நல்ல வண்டியிலும் ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருக்கத்தான் செய்யும். சொட்டுகிற அளவுக்கு இருந்தால்தான் தேட வேண்டும்.

எங்கள் பகுதியில் நீண்ட காலமாக டீசல் வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவினார். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றது. முந்தைய சர்வீஸில் அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள். அளவுக்கு மேல் போனால், இன்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஆயிலை அடித்துக் கலக்கும். பிரீதருக்குள் போகும் ஆயிலும் கூடும். அடுத்து, வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்தார். லேசாக ஆடியது, தூக்கியடிக்கவில்லை. "ரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்.

பிறகுதான் பைப்பைக் கழற்றினார். ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் ஆயில் இல்லை. பிரீதர் வந்து சேரும் இடத்திலிருந்துதான் ஈரம் ஆரம்பித்தது. டர்போவில் காற்று நுழையும் பக்கத்து விசிறிச் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தது, அது இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவே இல்லை. பிளேடு உறையில் உரசிய தடமும் இல்லை. பிரீதர் பைப்பை உருவியபோது உள்ளே கறுப்பு மசி அடைத்துக் கிடந்தது.

காரணம் இங்கேதான். டர்போவின் தண்டு தேயாமல் சுழல அங்கே போன ஆயில் தானாக வழிந்துதான் கீழே திரும்ப வேண்டும். பிரீதர் அடைத்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினால் அது இறங்க வழியில்லாமல் சீல் வழியே காற்றுப் பக்கம் தள்ளும். அடைத்த ஏர் ஃபில்டர் வேறு அந்தப் பக்கம் இழுக்கும். இந்த நிலையில் புது டர்போ போட்டிருந்தால் அதுவும் ஆயில் தள்ளியிருக்கும்.

பிரீதர், ஏர் ஃபில்டர், ஆயிலில் ஊறி உப்பிப்போன ஹோஸ் மூன்றையும் மாற்றினோம். ஆயிலைக் கோட்டுக்குள் கொண்டுவந்தோம். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு டீ கிளாஸ் அளவு ஆயில் இறங்கியது. மண்ணெண்ணெயில் அலசி, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காயவைத்தே மாட்டினார். இதில் சோம்பலே கூடாது. தேங்கிய ஆயில் மொத்தமாக உள்ளே போனால் டீசல் இன்ஜின் அதையே எரித்து, சாவியை அணைத்தாலும் தறிகெட்டு ஓடும். அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்க வேண்டும்.

அதன்பின் வருடக்கணக்காக ஓட்டுகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் முழு லோடில் ஏறியிருக்கிறேன். நீலப்புகை இல்லை, பிக்கப் குறையவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் அதே ஹோஸைக் கழற்றித் துணியால் துடைத்துப் பார்ப்பேன். மெல்லிய கறை மட்டும் ஒட்டும். அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

நீலப்புகை, சைரன் போன்ற ஊளை, டிப்ஸ்டிக்கில் வேகமாக இறங்கும் ஆயில், முன்பின் ஆட்டம் எல்லாம் சேர்ந்து வந்தால் டர்போவேதான். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள். வாங்கப் போகிற வண்டியில் ஆயில் மூடி ஐடிலிலேயே எகிறி, ஏர் ஃபில்டர் பெட்டியிலும் ஆயில் நின்றால், ரிங் வேலைச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஓனர் ஒத்துவராவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.